கடைசித் திருகு

கரிச்சாம்பட்டியிலிருந்து மேலக்கரட்டுக்குப் போகிற சாலையில், வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லாத நாளிலும், மத்தியானம் மூன்று பத்துக்குக் கிளம்பி ஒரு முழ அகலத்தில் மழை நடந்து போகும் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அவர்களில் ஒருத்தர்கூட அந்தச் சாலையோரத்தில் குடம் வைத்துக் காத்திருந்தவர் இல்லை. காத்திருந்தவர்களைக் கேட்டால் அந்த மழை எங்கே விரசாகப் போகும், எங்கே தயங்கும், எந்த வீட்டு வாசலில் நின்று கொட்டும், எந்த வீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகும் என்று விரல் மடக்கிச் சொல்வார்கள். அது எதனால் வந்தது என்று கேட்டால் மட்டும், அது வெயிலுவுக்கும் மெக்கானிக்குக்கும் உள்ள தகராறு, நமக்கென்ன என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

வெயிலு என்றால் வெயிலுகந்தாள். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு தண்ணீர் லாரி ஓட்டுகிறாளே என்று கேலி பேசாத ஆள் அந்த வட்டாரத்தில் இல்லை. அவளும் அதற்கெல்லாம் முகம் கோணுகிறவள் இல்லை. நாற்பது வயது, தடித்த குரல், சேலைக்கு மேல் காக்கிச் சட்டை, கட்டின புருஷன் பனியன் கம்பெனி வேலைக்கென்று வடக்கே போய்த் திரும்பாமல் போனபின் அவன் விட்டுப்போன பழைய லாரியைத் தானே ஓட்டக் கற்றுக்கொண்டு, கரிச்சாம்பட்டிக் கிணற்றில் நிரப்பி, வறண்ட ஊர்களுக்கெல்லாம் கொண்டுபோய் ஊற்றிக்கொண்டிருந்தாள். மற்ற ஊர்களுக்கு அவள் இல்லாவிட்டால் இன்னொரு வண்டி உண்டு. பாறைமேல் இருக்கிற மேலக்கரட்டுக்கு மட்டும் அவளை விட்டால் ஆள் இல்லை, அந்த ஏற்றத்தில் ஏற வேறு எந்த வண்டிக்காரனும் சம்மதித்ததில்லை.

அந்த லாரிக்கு ஆயில் மாற்றுகிறவர் கரிச்சாம்பட்டி முக்கில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் தவசிலிங்கம். அவர் கடையில் ஒரு பழக்கம் இருந்தது. எஞ்சினுக்கு அடியில் சேம்பர் நட்டைக் கழற்றிப் பழைய ஆயிலை வடியவிட்டு, நட்டைத் திரும்ப மாட்டிக் கைவிரலால் இறுக்கி, புது ஆயிலை ஊற்றியபின், ஸ்பேனரை வண்டிக்காரர் கையில் கொடுத்துக் கடைசித் திருகை அவரையே திருகச் சொல்வார். வண்டி யாருக்கு உழைக்கப்போகிறதோ அவர் கை பட்டு மூடினால்தான் எஞ்சின் அவருக்கு அடங்கி நடக்கும் என்பது அவர் கணக்கு. டிராக்டர்க்காரர், ஆட்டோக்காரர், பெரிய காரில் வருகிற வெள்ளைச்சட்டைக்காரர் வரைக்கும் குனிந்து, வண்டிக்கு அடியில் வெட்டியிருக்கும் குழிக்குள் இறங்கி, ஒரு திருகு திருகிவிட்டுத்தான் போக வேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் நடந்தது என்று தவசிலிங்கம் சத்தியம் செய்தார். ஸ்பேனரை வெயிலு கையில் கொடுத்துவிட்டுத்தான் கைகழுவப் போனேன் என்றார். மூன்று பத்துக்கு லாரி கிளம்பியது. தாதங்குளம் ரயில்வே கேட்டில் நான்கு நிமிஷம் நின்றது, பிச்சையா டீக்கடையில் ஒரு டீ குடிக்கிற நேரம் நின்றது, ஈச்சநேந்தலில் செம்மறியாட்டு மந்தைக்காக நின்றது, மேலக்கரட்டுக்குப் பிரிகிற ஒத்தப்புளி விலக்கில் ஏறும்போது எஞ்சின் பல்லைக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டுவிட்டு அப்படியே பிடித்துக்கொண்டது. மணி மூன்று ஐம்பது. வெயிலு இறங்கிக் குனிந்து பார்த்தாள். சேம்பர் நட்டு இரண்டு மரையில் தொங்கிக்கொண்டிருந்தது; அவளுக்குப் பின்னால் ஒன்பது கிலோமீட்டர் சாலையில் கரிச்சாம்பட்டி வரைக்கும் கறுப்புக் கோடு இழுத்த மாதிரி ஆயில் சொட்டிக் கிடந்தது.

மறுநாள் மத்தியானம் அவள் ஒர்க்‌ஷாப்பில் போய் நின்று பேசின பேச்சை முக்கு முழுக்க நின்று கேட்டது. நட்டை இறுக்குவது மெக்கானிக் வேலை, கடைசித் திருகு வெறும் கைராசிக்கு, அதையும் நான் திருகியாச்சு, அதற்கு முன்னால் நீ இறுக்க வேண்டியதை இறுக்கவில்லை, எஞ்சினை இறக்கிப் புதுசு மாதிரி செய்துதர வேண்டும் என்றாள் அவள். ரோட்டில் கிடக்கிற பள்ளமெல்லாம் அடித்துத்தான் நட்டு இளகியிருக்கும், ஆயில் குறைந்தால் எரிய வேண்டிய சிவப்பு விளக்கை வருஷக்கணக்காகச் சரிசெய்யாமல் ஓட்டினது யார் குற்றம், அத்தோடு என் பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனரையும் நேற்றிலிருந்து காணோம் என்றார் அவர். அவர் கடைச் சுவரில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் உருவத்தைப் பெயின்டால் வரைந்து ஆணி அடித்திருப்பார்; பத்தொன்பதின் உருவம் மட்டும் வெறுமையாக இருந்தது. ரோட்டில் போன வேறு வண்டி எதுவோ ஆயில் சிந்தியிருக்கும், அந்தக் கோடு என் கடையில்தான் தொடங்குகிறது என்பதற்கு என்ன சாட்சி என்று அவர் கேட்டபோது மணி மூன்று பத்து.

அப்போதுதான் பெய்தது. தகரக் கூரைக்குக் கீழே, குழிக்கு மேலே, நேற்று லாரியின் சேம்பர் நின்ற இடத்தில், காற்றிலிருந்தே தண்ணீர் சொட்டத் தொடங்கி, ஒரு முழ அகலத்துக்குச் சீராகப் பெய்து, குழியை விட்டு ஏறி, வாசலைத் தாண்டி, முக்கில் வலதுபக்கம் திரும்பி, சாலையில் இறங்கிப் போயிற்று. லாரி போகிற வேகத்துக்கு அது போனது. சைக்கிளில் இருந்த ஒருத்தர் அதன் கூடவே மிதித்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்து, தாதங்குளம் கேட்டில் ரயிலே இல்லாமல் நான்கு நிமிஷம் நின்றது, பிச்சையா கடையில் டீ குடிக்கிற நேரம் நின்றது, ஒத்தப்புளியில் உன் லாரியின் மூக்கு வரைக்கும் போய் அப்படியே நின்றுவிட்டது என்று சொன்னார். மழை தன்னைத் தாண்டியபோதே வெயிலு உள்ளங்கையை நீட்டியிருந்தாள். அதில் கிடந்த ஒரு துளி, ஓடி முடித்த எஞ்சினைத் தொட்ட மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது, நக்கிப் பார்த்தால் கற்கண்டாக இனித்தது. அவளுக்குச் சண்டை போட வந்ததே ஒரு நிமிஷம் மறந்துபோயிற்று.

அடுத்த நாளும் பெய்தது, அதற்கடுத்த நாளும் பெய்தது, ஒரு வாரத்தில் அது பஸ் வருகிற மாதிரி ஆகிவிட்டது. மூன்று மணிக்கே பெண்கள் ஒன்பது கிலோமீட்டருக்கும் குடங்களையும் அண்டாக்களையும் வரிசையாக வைத்துவிட்டு, மழை வந்து தாண்டிப் போகும்வரை நின்று கும்பிட்டுவிட்டு, நிறைந்ததைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கேட் கீப்பர் ரயில் இல்லாவிட்டாலும் மழைக்காக நான்கு நிமிஷம் கேட்டை மூடினார், பெரிய லாரிக்காரர்களும் அதை மறுக்கவில்லை. பிச்சையா கடை முன்னால் ஒரு சின்னக் குளமே உண்டாகி, அதில் எங்கிருந்தோ அயிரை மீனும் வந்து சேர்ந்தது. முடிவெடுக்க முடியாத கல்யாணங்களை ஈச்சநேந்தல்காரர்கள் அந்த மழையில் நனைந்துகொண்டு பேசி முடித்தார்கள், அதில் நனைகிறவருக்குப் பொய் சொல்ல வாய் வராது என்பதால். மழை அளக்கிற அலுவலகத்திலிருந்து ஒருத்தர் வந்து கோட்டிலிருந்து இரண்டடி தள்ளி அளவுக்குடுவையை வைத்து, முழங்கால் வரை நனைந்துகொண்டே நின்று, 'மழை இல்லை' என்று எழுதிக்கொண்டு போனார். அவர்மேல் யாருக்கும் வருத்தமில்லை, அவர் குடுவையில் ஒரு சொட்டு விழவில்லை என்பது உண்மைதானே.

வருத்தமெல்லாம் வெயிலுமேல்தான். தாதங்குளத்தில் ஒரு வீட்டுக்காரிக்கும் அவளுக்கும் பழைய மனத்தாங்கல், அதனால் அன்றைக்கு அந்த வீட்டை ஹாரன் அடித்து வேகமாகத் தாண்டியிருந்தாள். மழையும் தினமும் அந்த வீட்டை வேகமாகவே தாண்டியது. எங்க வாசலில் ஒரு நிமிஷம் வண்டியை நிறுத்தியிருந்தால் உனக்கு என்ன குறைந்துபோயிருக்கும் என்று அந்தப் பெண் வந்து அழுதாள். தான் போகிறபோக்கில் நின்றதும் நிற்காததும் இப்படி வானத்தில் பதிவாகியிருக்கும் என்று வெயிலு என்றைக்குக் கண்டாள்?

இந்த அதிசயத்தில் ஒரு சிக்கல் இருந்தது. எஞ்சினைச் சரிசெய்தால் மழை நின்றுவிடும் என்று எவரோ சொல்லிவைக்க, அது ஒன்பது கிலோமீட்டருக்கும் பரவிவிட்டது. ஊர்க்கூட்டம் ஐந்து தடவை கூடியது. வெயிலு ஒரு பக்கம், தவசிலிங்கம் ஒரு பக்கம், நடுவில் தலைவர். இரண்டு பேரும் கொஞ்சம் இறங்கி வருகிற மாதிரித் தெரிந்தால் போதும், கூட்டத்தில் யாராவது எழுந்து, உன்னை அவர் அன்றைக்கு வாயாடி என்றாரே மறந்துட்டியா என்று அவளிடமும், பொம்பளைக்குப் பயந்துட்டீங்களா அண்ணாச்சி என்று அவரிடமும் எடுத்துக்கொடுத்து, தகராறு அணையாமல் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேர் வீட்டுக்கும் சோறும் குழம்பும் தவறாமல் வந்தது. இவ்வளவு அக்கறையாக யாரும் யாரையும் சண்டைக்கு வளர்த்ததில்லை.

மேலக்கரட்டை மட்டும் எல்லோரும் மறந்துபோனார்கள். மழை ஒத்தப்புளியோடு நின்றுவிடும், அதற்கப்பால் நான்கு கிலோமீட்டர் பாறை ஏற்றம். லாரி டேங்கில் மிச்சமிருந்த தண்ணீரை அந்த ஊர்ப் பெண்கள் நடந்து வந்து மூன்று நாளில் தூக்கித் தீர்த்தார்கள். அப்புறம் மழையின் வால் விழுகிற இடத்தில் குடம் வைத்துக் காத்திருந்து, கிடைத்ததை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினார்கள். அந்த ஊரில் தண்ணீர் முறை பார்க்கிற சோலையம்மாள் மட்டும் தினமும் காலையில் வெயிலுவுக்குப் போன் செய்து ஒரே கேள்வி கேட்பாள், "வண்டி எப்ப வரும் தாயி?" கோபம் இருக்காது, அவசரம் இருக்காது. அந்த அமைதிதான் வெயிலுவைத் தின்றது.

பதினாறாம் நாள், லாரியில் கிடந்த துணிமணிகளை எடுத்து வரலாம் என்று ஒத்தப்புளிக்குப் போனவள், சீட்டுக்கும் கதவுக்கும் இடையில் கையை விட்டபோது குளிர்ச்சியாக ஏதோ பட்டது. பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனர். பிடியில் 'த' என்று அரம் வைத்து ராவிய அடையாளம். அதைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் திரும்ப வந்தது: குழிக்குள் இறங்கப் போனவளின் கையில் தவசிலிங்கம் ஸ்பேனரைக் கொடுத்தார், அந்த நேரம் பார்த்து சோலையம்மாளின் போன் வந்தது, வந்துக்கிட்டே இருக்கேன் என்று சொல்லிக்கொண்டே, ஒரு கையில் போனும் ஒரு கையில் ஸ்பேனருமாக அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். அவள் திருகியிருப்பாள் என்று அவர் நினைத்தார், அவர் இறுக்கியிருப்பார் என்று அவள் நினைத்தாள். நட்டை விரலுக்கு மேல் யாருமே இறுக்கவில்லை.

அவள் ஸ்பேனரைத் துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். இதைச் சொன்னால் எஞ்சின் போச்சு, லாரி போச்சு, இத்தனை நாள் பேசின பேச்சு போச்சு. சொல்லாவிட்டால் என்ன போகும் என்று அவளுக்கு அப்போது தெரியவில்லை; ஆனால் அன்று மழை வருகிற நேரத்தில் அவள் புளியமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

ஆறாவது கூட்டத்தில் தவசிலிங்கம் எழுந்தார். இதற்குள் அவர் கடைக் குழிக்கு மஞ்சள் பூசி, குழந்தை வரம் கேட்டு நூல் கட்டத் தொடங்கியிருந்தார்கள், அவர் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள், மனுஷன் இரண்டு சுற்று இளைத்திருந்தார். யாரும் எதிர்பாராமல், "நட்ட நாந்தான் இறுக்கல," என்றார். "தங்கச்சி கையில ஸ்பேனரக் குடுத்தேன்னுதான் எனக்கு ஞாபகம். ஆனா தெனமும் அது எங் கடைக் குழியிலருந்துல்லா கெளம்புது. மேல இருக்கவன் விரல நீட்டிக் காட்டுத மாதிரி காட்டுதான். அவன் பொய் சொல்லுவானா? எம் புத்திதான் பெசகியிருக்கும். எஞ்சின நானே எறக்கிச் செஞ்சு குடுக்கேன்."

கூட்டம் முழுக்க ஒரே கலவரமாகிவிட்டது, மழையைக் கெடுக்கப் பார்க்கிறான் என்று பத்துப் பேர் கத்தினார்கள். வெயிலுவுக்கு ஒன்றும் காதில் விழவில்லை. இடுப்பில் இருந்த இரும்பு மட்டும் கனத்துக்கொண்டே போயிற்று. செய்யாத தப்பை ஒரு மனுஷன் வானத்துக்குப் பயந்து தலையில் ஏற்றிக்கொள்கிறான், செய்தவள் சேலை முந்தியால் அதை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவு வெட்கம் அவள் வாழ்க்கையில் பட்டதில்லை.

தவசிலிங்கம் ஒத்தப்புளி மரக்கிளையிலேயே சங்கிலி கட்டி எஞ்சினை இறக்கினார். வழிநெடுக இருக்கிற ஊர்க்காரர்கள் வந்து கெஞ்சினார்கள், மிரட்டினார்கள், ஒருத்தர் பிஸ்டன் பெட்டியையே தூக்கிக்கொண்டு ஓடி, பாதிவழியில் மனசு கேட்காமல் திரும்பக் கொண்டுவந்து வைத்தார். பதினோரு நாள் வேலை. மழை தினமும் மூன்று ஐம்பதுக்கு வந்து, பிரித்துப்போட்ட சாமான்களின் ஓரம்வரை பெய்துவிட்டு நின்றது. அந்த மனுஷன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று கும்பிட்டார். பக்கத்தில் நின்று சாமான் எடுத்துக்கொடுத்த வெயிலு கும்பிடவில்லை, அவள் பாறை ஏற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டாம் நாள் எல்லாம் மாட்டி முடிந்தது. நட்டைக் கைவிரலால் இறுக்கி, புது ஆயிலை ஊற்றி, பழக்கப்படி ஒரு புது ஸ்பேனரை அவளிடம் நீட்டினார். மணி மூன்று நாற்பத்தைந்து. சாலையில் ஈச்சநேந்தல் பக்கம் மழை வருகிறது என்பதற்கு அடையாளமாகப் புழுதி அடங்கிக்கொண்டு வந்தது.

அவள் ஸ்பேனரை வாங்கவில்லை. "விரலுக்கு இறுக்குனது போதும் அண்ணாச்சி," என்றாள். "இருக்க ஆயில் டின்ன எல்லாம் தூக்கிட்டு வண்டியில ஏறுங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார், பாறை ஏற்றத்தைப் பார்த்தார். மூன்று டின் ஆயிலோடு ஏறி, எஞ்சின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

மழை வந்து லாரியின் பின்சக்கரத்தைத் தொட்டபோது அவள் வண்டியை எடுத்தாள். எஞ்சின் பிடிப்பும் இழுப்பும் இல்லாமல் புதுசாக ஓடியது, கேட்கக் கேட்க ஆசையாக இருந்தது, அதைக் கேட்டபடியே அவள் கண்ணாடியில் பார்த்தாள். இருபத்தேழு நாளாக ஒத்தப்புளியில் நின்றுபோன மழை, வண்டி நகர்ந்ததும் ஒரு மூச்சு தயங்கியது, தாதங்குளம் கேட்டில் தயங்குகிற மாதிரி. அப்புறம் விலக்கில் திரும்பி, அவர்கள் பின்னாலேயே ஏறி வரத் தொடங்கியது. தவசிலிங்கம் வாயில் கையை வைத்துக்கொண்டார். சேம்பரிலிருந்து சொட்டுவது குறையக் குறைய அவர் ஊற்றினார், ஊற்ற ஊற்ற அது சொட்டியது, சொட்டின இடமெல்லாம் பாறை கறுத்தது, கறுத்த இடமெல்லாம் பளபளவென்று நனைந்துகொண்டு வந்தது. நான்கு கிலோமீட்டரும் அவள் அழுதுகொண்டுதான் ஓட்டினாள், அது துக்கத்தால் இல்லை.

மேலக்கரட்டுப் பெண்கள் லாரிச் சத்தம் கேட்டுக் குடத்தோடு ஓடி வந்தார்கள். டேங்கைத் தட்டிப் பார்த்து, காலியாக வந்திருக்கியே என்றார்கள். சோலையம்மாள் மட்டும் டேங்கைப் பார்க்கவில்லை, லாரிக்குப் பின்னால் ஏறி வருவதைப் பார்த்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வெயிலு வண்டியை ஊருக்குள் நிறுத்தவில்லை. வறண்டு வெடித்துக் கிடந்த ஊருணியின் கரையில் ஏற்றி, தண்ணீர் உள்ளே வழிகிற சரிவில் கொண்டுபோய் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் விட்டாள். அவள் நின்ற இடங்களிலெல்லாம் மழையும் நின்று பெய்தது என்பது அவளுக்குத் தெரியும். ஒரு டீ குடிக்கிற நேரத்துக்கு ஒரு குளம் என்றால், ஓர் ஊருணிக்கு எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்? மழை வந்து லாரிமேல் படர்ந்து கொட்டத் தொடங்கியது, வெடிப்புகள் குடிக்கிற சத்தம் கேட்டது. முதல் டின் தீர்ந்தது, இரண்டாவது தீர்ந்தது. மூன்றாவதும் தீர்ந்தபோது தவசிலிங்கம் காலி டின்னைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினார். இப்போது அணைத்தால் எஞ்சின் பிழைக்கும். அவள் ஸ்டியரிங்கைத் தடவிக் கொடுத்தாள், சாவியைத் தொடவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து அந்தப் பழைய சத்தம், பல்லைக் கடிக்கிற சத்தம், ஒரு தடவை கேட்டு அடங்கியது. மழை பெய்துகொண்டிருந்தது.

தவசிலிங்கம் இறங்கி வந்து சட்டையைப் பிழிந்தார். பதினோரு நாள் பார்த்த வேலை முக்கால் மணி நேரத்தில் போயிருந்தது, அவர் முகத்தில் அதற்கான வருத்தம் எதுவும் இல்லை.

"இந்தத் தடவ யார் மேல தப்பு தங்கச்சி?" என்றார்.

அவள் இடுப்பிலிருந்து துணியை எடுத்துப் பிரித்து, பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனரை அவர் கையில் வைத்தாள். "எம் மேலதான் அண்ணாச்சி. போன தடவையும்."

அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். 'த' என்ற எழுத்தைக் கட்டைவிரலால் துடைத்தார். கோபப்பட நினைத்தவர் மாதிரி ஒருமுறை மூச்சு இழுத்தார், அதற்குள் ஊருணிக்குள் முழங்கால் தண்ணீரில் நின்று குடத்தை முக்குகிற பெண்களின் சத்தம் கேட்டது, மூச்சை விட்டுவிட்டார். என் புத்தி பிசகவில்லை என்றாகிறது, அது போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு ஸ்பேனரை அவளிடமே திரும்ப நீட்டினார்.

"கடைசித் திருகு இன்னும் நீ திருகலயே," என்றார்.

அவள் சேற்றில் மண்டியிட்டு, லாரிக்கு அடியில் குனிந்து, நட்டில் ஸ்பேனரை மாட்டி, அது இனித் திரும்பாது என்கிற வரைக்கும் திருகினாள். மேலே டேங்கில் மழை விழுகிற சத்தம் குறையவில்லை.